அரசின்மை இயக்கமும் அதன் துணைப்பண்பாடும்: கிழக்கு லண்டனை முன்வைத்து ஒரு விமர்சனம்

அரசு, முதலாளி, மதபீடம் போன்ற மேலதிகாரங்கள் இல்லாமலேயே மனிதர்கள் தாமாகக் கூடி, ஒருவருக்கொருவர் உதவி வாழ முடியும் என்று கூறும் அரசியல் கொள்கை அரசின்மைவாதம் ஆகும். இதில் சேர உறுப்பினர் அட்டையோ தலைவரின் ஒப்புதலோ தேவையில்லை. கொள்கையளவில் இதைவிடத் திறந்த இயக்கம் ஒன்றைக் காட்டுவது கடினம். ஆனால் கடந்த ஐம்பது ஆண்டுகளில் பிரித்தானியாவில் ஓர் அரசின்மைக் குழுவின் கூட்டத்துக்கு முதன்முறையாகச் சென்ற ஒரு தொழிலாளி பெரும்பாலும் கண்டது வேறொன்று. கறுப்பு உடை, ஒரே வகை இசை, ஒரே வகை உணவு, தமக்குள் மட்டும் புரியும் பேச்சு ஆகியவற்றால் ஒன்றுபட்ட ஒரு சிறிய இளைஞர் வட்டத்தையே அவர் கண்டார். அவரை யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் அவர் மறுமுறை வரவில்லை.

இந்த நிலையை, இயக்கம் ஒரு துணைப்பண்பாடாகச் சுருங்கிவிட்டது என்று அரசின்மைவாதிகளே குறைகூறி வந்துள்ளனர். ஒரு சமூகத்துக்குள் தனக்கென உடை, இசை, பழக்கவழக்கம், மதிப்பீடுகள் ஆகியவற்றை வகுத்துக்கொண்டு வாழும் சிறு குழுவின் வாழ்க்கைமுறையே துணைப்பண்பாடு எனப்படும். இக்கட்டுரை அந்தச் சிக்கலைக் கிழக்கு லண்டன் என்ற ஒரே வட்டாரத்தை முன்வைத்து ஆராய்கிறது. 1880கள் முதல் இன்றுவரை அரசின்மைவாதிகள் இயங்கிவரும் இடம் அது. அங்கு அவர்கள் மக்களோடு கலந்த காலமும் உண்டு. மக்களிடமிருந்து விலகிய காலமும் உண்டு. துணைப்பண்பாடு இருப்பது குறையன்று, அது எழுதப்படாத நுழைவுத் தகுதியாக மாறுவதே குறை என்பது இக்கட்டுரையின் வாதம்.

சொல்லைப் பற்றி

தமிழில் 'அராஜகம்' என்றால் ஒழுங்கீனம், அடாவடி என்றே பொதுவாகப் பொருள்படும். காலனிய ஆட்சியும் இப்பொருளையே வளர்த்தது. 1919ஆம் ஆண்டின் ரௌலட் சட்டத்தின் முறையான பெயரிலேயே 'அராஜக, புரட்சிக் குற்றங்கள்' என்ற தொடர் இருந்தது. குண்டு வீசுபவர் எல்லாம் அராஜகர் என்ற எண்ணம் அப்படிப் பரவியது. எனவே தமிழில் எழுதுவோர் பலர் கொள்கையைக் குறிக்க அரசின்மை என்ற சொல்லைப் பயன்படுத்துகின்றனர். இக்கட்டுரையும் அதையே கையாள்கிறது. ஆங்கிலத்திலும் இந்தச் சொல்லுக்குக் கெட்ட பெயர் உண்டு. மக்களைச் சென்றடைவதில் உள்ள தடைகள் அனைத்துக்கும் இயக்கமே காரணம் என்று சொல்ல முடியாது. காவல்துறையும் நாளிதழ்களும் கட்டிய சுவர் ஒன்று ஏற்கெனவே இருந்தது. இயக்கம் தன் பங்குக்கு எழுப்பிய சுவரைப் பற்றியே இங்கு பேசப்படுகிறது.

நோன்பு நாளில் நடன விருந்து

19ஆம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் ரஷ்யப் பேரரசிலிருந்து வறுமைக்கும் வன்முறைக்கும் தப்பி வந்த யூதர்கள் கிழக்கு லண்டனின் ஒயிட்சேப்பல், ஸ்டெப்னி பகுதிகளில் குடியேறினர். பெரும்பாலோர் இத்திஷ் மொழி பேசினர். காற்றோட்டமற்ற சிறு பட்டறைகளில் தையல் வேலை செய்தனர். அவர்களிடையே இத்திஷ் மொழியிலேயே 'அர்பெத்தர் ஃபிரைன்ட்' (தொழிலாளர் நண்பன்) என்ற இதழ் 1885இல் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது அரசின்மைவாதிகளின் இதழாயிற்று.

அந்த வட்டத்தினர் மதத்தைக் கடுமையாக எதிர்த்தனர். யூதர்களின் மிகப் புனிதமான நோன்பு நாள் யோம் கிப்பூர். அன்று முழுவதும் உண்ணாமல் தொழுகையில் இருப்பது மரபு. 1880களின் பிற்பகுதியிலிருந்து லண்டனிலும் நியூயார்க்கிலும் அரசின்மைவாதிகள் வேண்டுமென்றே அதே நாளில் உணவும் நடனமும் சொற்பொழிவும் கொண்ட விருந்துகளை நடத்தினர்.

பங்கேற்றவர்களின் நிலையிலிருந்து பார்த்தால் இதன் நியாயம் புரியும். ரபிகளின் கட்டுப்பாட்டில் வளர்ந்த இளைஞர்களுக்கு இது ஒரு விடுதலை அனுபவம். தம்மைப் போன்ற வேறு பலரும் இருக்கிறார்கள் என்று அன்றுதான் பலர் உணர்ந்திருப்பார்கள். ஆனால் பக்கத்துப் பட்டறையில் அதே பதினான்கு மணி நேரம் உழைத்து, நோன்பிருந்து, தொழுகைக்கூடத்திலிருந்து திரும்பிய தையல்காரருக்கு இது என்ன செய்தியைச் சொன்னது? அவரது முதலாளியைப் பற்றியோ கூலியைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. 'எங்களோடு சேர வேண்டுமானால் முதலில் உன் தாய் தந்தையரின் வழக்கத்தை ஏளனம் செய்' என்பதாகவே அவர் காதில் விழுந்திருக்கும். விருந்து உள்ளே இருந்தவர்களை நெருக்கமாக்கியது. வெளியே இருந்தவர்களை இன்னும் வெளியே தள்ளியது. துணைப்பண்பாட்டின் இவ்விரு விளைவுகளும் எப்போதும் ஒன்றாகவே வருகின்றன.

1912: தையல் தொழிலாளர் வேலைநிறுத்தம்

இதே வட்டத்தில்தான் ருடோல்ஃப் ராக்கரும் இயங்கினார். ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் பிறந்த இவர் யூதரல்லர். 1895இல் லண்டனுக்கு வந்து, இத்திஷ் மொழியைக் கற்று, 1898இல் 'அர்பெத்தர் ஃபிரைன்ட்' இதழின் ஆசிரியரானார். அவரது துணைவியார் மில்லி விட்காப் உக்ரைனிலிருந்து வந்த யூதப் பெண். ராக்கரும் கடவுள் நம்பிக்கையற்றவரே, அதை மறைத்தவரல்லர். ஆனால் தொழுகைக்கூட வாசலில் நின்று பக்தர்களைச் சீண்டும் செயல்களை அவர் ஏற்கவில்லை. 1906இல் ஜூபிலி தெருவில் இவர்கள் திறந்த மன்றத்தில் நூலகமும் ஆங்கில வகுப்புகளும் சொற்பொழிவுகளும் இருந்தன. அரசின்மைவாதி அல்லாத தொழிலாளரும் அங்கு வரலாம். புதிய நாட்டில் ஆங்கிலம் தெரியாமல் தவித்த ஒருவர் வகுப்புக்காக வந்தார். விரும்பினால் சொற்பொழிவையும் கேட்டார்.

1912 வசந்த காலத்தில் மேற்கு லண்டனின் தையல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களது வேலை கிழக்கு லண்டனின் யூதப் பட்டறைகளுக்குத் திருப்பிவிடப்படும் ஆபத்து இருந்தது. தாங்கள் கருங்காலிகளாகிவிடக் கூடாது என்றும், தமது பட்டறைகளின் கேடான நிலைக்கும் இதுவே முடிவுகட்டும் தருணம் என்றும் ராக்கரும் தோழர்களும் வாதாடினர். இரண்டே நாளில் ஏறத்தாழ 13,000 தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினர். மூன்று வாரங்களில் வேலைநேரக் குறைப்பு உள்ளிட்ட கோரிக்கைகள் பலவும் வென்றன.

அதே வேளையில் லண்டன் துறைமுகத் தொழிலாளர்களும் வேலைநிறுத்தத்தில் இருந்தனர். அவர்களது போராட்டம் நீண்டு, வீடுகளில் பட்டினி தலைகாட்டியது. அப்போது கிழக்கு லண்டனின் யூதக் குடும்பங்கள் துறைமுகத் தொழிலாளர்களின் 300க்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தம் வீடுகளில் வைத்துச் சோறு போட்டுப் பராமரித்தன. குடியேறிகளைத் தடுக்கும் வெளிநாட்டவர் சட்டம் 1905இல் நிறைவேறியிருந்தது. யூதர்மீதான வெறுப்பு அவ்வட்டாரத்தில் வலுவாக இருந்த காலம் அது. 1936 அக்டோபர் 4 அன்று கேபிள் தெருவில் பாசிஸ்டுகளின் ஊர்வலத்தைத் தடுக்க ஐரிஷ் துறைமுகத் தொழிலாளர்கள் யூதர்களோடு தோள்கொடுத்து நின்றதை 1912இன் நினைவோடு இணைத்துப் பேசுவோர் உண்டு.

நடன விருந்தை நடத்தியதும் வேலைநிறுத்தத்தை முன்னெடுத்ததும் ஒரே இயக்கம்தான். அதே இதழ், அதே தெருக்கள், அதே நம்பிக்கைகள். நோன்பிருக்கும் தையல்காரரை முதலாவது நிகழ்வு வெளியே நிறுத்தியது. இரண்டாவது நிகழ்வு அவரை அவராகவே ஏற்றுக்கொண்டது.

பங்க் இசையும் வாப்பிங் மையமும்

முதல் உலகப்போரின்போது ராக்கர் சிறைவைக்கப்பட்டார்; இதழும் ஒடுக்கப்பட்டது. யூதர்கள் படிப்படியாக வேறு பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தனர். இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிரித்தானிய அரசின்மைவாதம் பெரும்பாலும் சிறு வாசகர் வட்டங்களில் உயிர்வாழ்ந்தது. அதைப் பெருந்தொகையான இளைஞரிடம் மீண்டும் கொண்டுசென்றது ஒரு பங்க் இசைக்குழு. எசெக்ஸ் மாவட்டத்தில் எப்பிங் காட்டுக்கு அருகே ஒரு பண்ணை வீட்டில் கூட்டாக வாழ்ந்த கிராஸ் குழு 1977இல் தொடங்கியது. போர், மதம், பெண்ணடிமை ஆகியவற்றை எதிர்க்கும் பாடல்களை அக்குழு பாடியது. இதற்குமேல் விலை கொடுக்காதீர்கள் என்று இசைத்தட்டு உறையிலேயே அச்சிட்டது. கறுப்பு உடையணிந்து மேடையேறியது. கொள்கை நூல் ஒன்றைக்கூடத் திறந்திராத பல்லாயிரம் இளைஞர்கள் இந்தத் தட்டுகளின் வழியாகவே அரசின்மை என்ற சொல்லைக் கேள்விப்பட்டனர். இது சிறிய சாதனையன்று.

அதன் எல்லையை வாப்பிங் மையத்தின் கதை காட்டுகிறது. கிராஸும் பாய்சன் கேர்ள்ஸ் குழுவும் வெளியிட்ட இசைத்தட்டின் வருவாயைக் கொண்டு, கிழக்கு லண்டனின் வாப்பிங் பகுதியில் ஒரு கிடங்கில் 1981இல் அரசின்மைவாதிகளின் மையம் ஒன்று திறக்கப்பட்டது. தொழிற்சங்க மரபிலிருந்து வந்த மூத்தோரும் பங்க் இளைஞரும் அங்கு கூடுவர் என்பது எதிர்பார்ப்பு. நடைமுறையில் அது வாராந்திர இசைக் கச்சேரிகளின் இடமாயிற்று. மூத்த அரசின்மைவாதியான ஆல்பர்ட் மெல்ட்சர் பின்னாளில் தமது நினைவுநூலில் இதைக் கசப்போடு எழுதினார். பங்குகளின் பணத்தோடு பங்குகளும் வந்தார்கள் என்பது அவர் குறை. கச்சேரிகள் வாடகை ஒப்பந்தத்தை மீறியதும் சேர்ந்து, 1982இன் தொடக்கத்திலேயே மையம் மூடப்பட்டது.

மெல்ட்சரின் கசப்பு பாதி மட்டுமே நியாயமானது. இளைஞர்கள் தம் பணத்தில் அமைந்த இடத்தைத் தமக்குத் தெரிந்த வகையில் பயன்படுத்தினார்கள். மூத்தோரின் கூட்டங்கள் அவர்களுக்கு எதையும் தரவில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. வாப்பிங்கில் அப்போது குடியிருந்தவர்களுக்கு, கப்பல்துறைகள் மூடப்பட்டதால் வேலையிழந்த குடும்பங்களுக்கு, இந்த மையம் என்னவாக இருந்தது? மூத்தோர், இளையோர் என்ற இரு தரப்பின் சண்டையிலும் அந்தத் தெருவாசிகள் இடம்பெறவே இல்லை.

மையம் மூடிய நான்கே ஆண்டுகளில், 1986 ஜனவரியில், ரூபர்ட் மர்டாக்கின் நாளிதழ் நிறுவனம் வாப்பிங்கில் புதிய அச்சகத்துக்கு மாறியபோது ஏறத்தாழ 5,500 தொழிலாளர்கள் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். ஓராண்டு நீடித்த மறியல் அந்தத் தெருக்களில் நடந்தது. அரசின்மைவாதிகள் பலர் அதில் துணிவோடு கலந்துகொண்டனர். ஆனால் அவர்கள் அங்கு வந்து போனவர்களாகவே இருந்தனர். அவ்வட்டாரத்தில் வேரூன்றிய மன்றமோ அச்சுத் தொழிலாளரிடையே ஓர் 'அர்பெத்தர் ஃபிரைன்ட்' இதழோ அவர்களிடம் இருக்கவில்லை.

காலி வீடுகள்: ஒரு செயல், இரு பொருள்

உரிமையாளர் பயன்படுத்தாமல் போட்டிருக்கும் வீடுகளில் அனுமதியின்றிக் குடியேறுவது பிரித்தானிய அரசின்மைவாதிகளோடு நெருக்கமாக இணைத்துப் பேசப்படும் செயல். இதன் வரலாறு துணைப்பண்பாட்டுக்கு முந்தியது. போருக்குப் பிந்தைய வீட்டுப் பஞ்சத்தில், 1946இல், ஏறத்தாழ 40,000 பேர் கைவிடப்பட்ட இராணுவ முகாம்களில் தாமாகவே குடியேறினர். எந்தக் கட்சியின் ஆணையும் இல்லாமல் அடுப்பு, கழிப்பறை, குழந்தை பராமரிப்பு ஆகியவற்றை ஒழுங்கு செய்துகொண்டனர். அரசின்மைவாத எழுத்தாளர் காலின் வார்டு, தம் கொள்கைக்குச் சான்றாக இதைப் பலமுறை எடுத்துக்காட்டினார்.

1970களில் ஒயிட்சேப்பல், ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதிகளில் இரு வகையினர் காலி வீடுகளில் குடியேறினர். ஒரு வகையினர் மாற்று வாழ்க்கையைத் தேடிய இளைஞர்கள். மற்றவர் வங்காளதேசக் குடும்பங்கள். நகராட்சி வீட்டுப் பட்டியலில் அவர்கள் பின்தள்ளப்பட்டனர். வீடு கிடைத்தாலும் நிறவெறித் தாக்குதல் நடக்கும் தொலைவுக் குடியிருப்புகளில் கிடைத்தது. 1976இல் இவர்களுக்காக வங்காளி வீட்டுரிமைச் செயற்குழு உருவானது. 'ரேஸ் டுடே' இதழைச் சேர்ந்த மாலா சென், ஃபரூக் தோண்டி ஆகியோரும், காலி வீடுகளில் குடியேறுவதில் அனுபவம் பெற்ற உள்ளூர்ச் செயற்பாட்டாளர்களும் இதில் பங்காற்றினர். பூட்டுகளை மாற்றுவது, மின்சாரம் இணைப்பது, இரவில் காவல் நிற்பது ஆகிய வேலைகளைக் குடும்பங்களே கற்றுக்கொண்டன. 1977இல் லண்டன் பெருநகர மன்றம் தன் வீடுகளில் குடியேறியிருந்தோருக்குப் பொதுமன்னிப்பு வழங்கியது.

இந்தக் குடும்பங்கள் தம்மை அரசின்மைவாதிகள் என்று அழைத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கு உதவிய இதழின் சார்பும் மார்க்சியச் சார்புதான். ஆயினும் செயல் அரசின்மைவாதிகள் போற்றும் நேரடி நடவடிக்கையே. இளைஞர்களுக்குக் காலி வீடு ஒரு வாழ்க்கைமுறைத் தேர்வாகவும் இருந்தது. விரும்பினால் திரும்பிச் செல்லப் பலருக்குப் பெற்றோர் வீடு இருந்தது. வங்காளக் குடும்பத்துக்கு அது பிள்ளைகள் பாதுகாப்பாக உறங்கும் இடம். கைதாவது ஒருவருக்கு அனுபவம். மற்றவருக்கு வேலையையும் நாட்டில் தங்கும் உரிமையையும் இழக்கும் அபாயம். துணிவை ஒரே அளவுகோலால் அளக்கும் துணைப்பண்பாடு இந்த வேறுபாட்டைக் காண்பதில்லை. கைதுக்கு அஞ்சுபவரை அது கோழை என்றோ அரைமனத்தர் என்றோ எளிதில் முடிவுகட்டிவிடுகிறது. பின்னர், 2012இல் இங்கிலாந்தில் குடியிருப்புக் கட்டடங்களில் இவ்வாறு குடியேறுவது குற்றமாக்கப்பட்டது.

உள்ளிருந்து எழுந்த விமர்சனங்கள்

இச்சிக்கலை அரசின்மைவாதிகள் அறியாமல் இருக்கவில்லை. மூன்று விமர்சனங்களை இங்கு கருதலாம்.

முதலாவது, 1983இல் வெளிவரத் தொடங்கிய 'கிளாஸ் வார்' என்ற இதழ். பண்ணை வீட்டுப் பங்குகளின் அமைதிவாதத்தையும் தூய வாழ்க்கையையும் அது எள்ளி நகையாடியது. பரபரப்பு நாளிதழ்களின் மொழியையே எடுத்துக்கொண்டு தொழிலாளரிடம் பேச முயன்றது. அதன் நகைச்சுவைக்கு வாசகர்கள் இருந்தனர். ஆனால் அது மாற்றியது தொனியை மட்டுமே. கறுப்புடைக்குப் பதில் முரட்டுப் பேச்சு அடையாளமாயிற்று. ஓர் உண்மையான தொழிலாளர் இப்படித்தான் இருப்பார் என்ற புதிய தகுதி பிறந்தது. அதில் பெண்களுக்கும் குடியேறிகளுக்கும் இடம் குறைவாகவே இருந்தது.

இரண்டாவது, அமெரிக்கரான மரே புக்சின் 1995இல் எழுதிய நூல். சமூக அரசின்மைவாதம், வாழ்க்கைமுறை அரசின்மைவாதம் என இரண்டைப் பிரித்து, இடையில் பாலம் கட்ட முடியாத பிளவு இருப்பதாக அவர் வாதிட்டார். தனிமனிதரின் சுய வெளிப்பாடு சமூக மாற்றத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்ற அவர் கணிப்பு சரியானது. பிளவு என்ற முடிவு அப்படியல்ல. நடன விருந்தும் வேலைநிறுத்தமும் ஒரே கூட்டத்திலிருந்து பிறந்ததை மேலே கண்டோம். கிராஸ் குழுவின் கடைசிக் கச்சேரி 1984இல் வேல்ஸ் நாட்டின் அபர்டேர் நகரில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளருக்கு நிதி திரட்டுவதற்காக நடந்தது. ஆகவே வேறுபாட்டை ஆட்களிடம் தேடுவதைவிடச் செயல்களிடம் தேடுவதே பொருத்தம். ஆட்களை இரு சாதியாகப் பிரித்தால் மிஞ்சுவது இன்னொரு தூய்மைச் சோதனை. புக்சினே சில ஆண்டுகளில் அரசின்மைவாதி என்ற பெயரைக் கைவிட்டார்.

மூன்றாவது, 1999 ஜூன் 18 அன்று லண்டனின் நிதி வட்டாரத்தில் நடந்த முதலாளித்துவ எதிர்ப்புத் திருவிழாவுக்குப் பின் வெளியான ஒரு கட்டுரை. 'செயற்பாட்டாளர்' என்ற பாத்திரமே சிக்கல் என்றது அது. சமூக மாற்றத்தைத் தம் தனித் தொழிலாகக் கருதுபவர் மற்றவர்களைப் பார்வையாளராக்கிவிடுகிறார். இது கூர்மையான கணிப்பு. ஆனால் அந்தக் கட்டுரையையும் படித்து விவாதித்தவர்கள் பெரும்பாலும் செயற்பாட்டாளர்களே.

இவற்றோடு, அமெரிக்கப் பெண்ணியவாதி ஜோ ஃபிரீமன் 1970களின் தொடக்கத்தில் முன்வைத்த கருத்தையும் சேர்க்க வேண்டும். அமைப்பே இல்லை என்று கூறும் குழுவில் அமைப்பு மறைந்திருக்கிறது; நட்பு வட்டமே தலைமையாகிறது என்றார் அவர். எழுதிய விதி இருந்தால் புதியவர் அதைப் படித்துக் கேள்வி கேட்கலாம். எழுதாத விதியை அவர் மீறிய பிறகே அறிகிறார்.

தலைவரி எதிர்ப்பு காட்டிய வழி

மார்கரெட் தாட்சரின் அரசு, ஏழை பணக்காரர் வேறுபாடின்றி ஆளுக்கு இவ்வளவு என்ற தலைவரியை 1989இல் ஸ்காட்லாந்திலும் 1990இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் கொண்டுவந்தது. தெருவாரியாக, குடியிருப்புவாரியாக வரி எதிர்ப்புச் சங்கங்கள் உருவாயின. அனைத்து பிரித்தானியக் கூட்டமைப்பின் தலைமை டிராட்ஸ்கியவாதிகளிடம் இருந்தது. உள்ளூர்ச் சங்கங்கள் பலவற்றில் அரசின்மைவாதிகள் சாதாரண அண்டை வீட்டாராகவே பங்கேற்றனர். ஸ்காட்லாந்தில் ஜப்தி செய்ய அமீனா வரும் நாளில் அக்கம்பக்கத்தார் வீட்டைச் சூழ்ந்து நின்று திருப்பி அனுப்பினர். வரிகட்டாமை என்ற செயலுக்குத் தனி உடையோ சொல்லாட்சியோ தேவைப்படவில்லை. கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணும் வயோதிகரும் அதைச் செய்ய முடிந்தது. 1990 மார்ச் 31 அன்று டிரஃபால்கர் சதுக்கத்தில் நடந்த மோதலே படங்களில் நிலைத்தது. ஆனால் வரியை வீழ்த்தியதில் பெரும்பங்கு வரி கட்ட மறுத்த கோடிக்கும் மேற்பட்டவர்களுடையது. 1993இல் அதற்குப் பதிலாக வேறு வரி வந்தது.

மதிப்பீடு

துணைப்பண்பாட்டை ஒழித்துவிட்டால் மக்கள் திரண்டு வருவர் என்று எண்ணுவது தவறு. தோல்வியுற்ற காலங்களில் ஒரு கொள்கையை உயிரோடு வைத்திருந்தது அதுவே. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட இளைஞருக்கும் ஒருபால் ஈர்ப்பினருக்கும் அது புகலிடம் தந்தது. இறைச்சி உண்ணாமை, கறுப்புடை, உரத்த இசை ஆகியவை யாருக்கும் தீங்கல்ல. அவரவர் நம்பிக்கையை மறைத்துக்கொண்டு மக்களிடம் போக வேண்டும் என்பதும் தீர்வல்ல. ராக்கர் தம் நாத்திகத்தை மறைக்கவில்லை.

கிழக்கு லண்டனின் நூற்றாண்டு வரலாறு தருவது எளிய சோதனை ஒன்று. ஒரு கூட்டத்தை, மையத்தை, போராட்டத்தைத் திட்டமிடும்போது, நோன்பிருக்கும் தையல்காரர், இரவுப்பணி முடித்த தாய், ஆவணங்கள் குறித்து அஞ்சும் குடியேறி ஆகிய மூவரும் தம்மை மாற்றிக்கொள்ளாமலே அதில் பங்கேற்க முடியுமா என்று கேட்க வேண்டும். முடியாது என்றால், எதிர்கால சமூகம் எல்லாருக்கும் உரியது என்ற கூற்று அந்த அறையிலேயே பொய்யாகிறது. அதிகாரத்தை எதிர்க்கும் ஓர் இயக்கத்துக்கு இது விளம்பரக் குறைபாடு மட்டுமன்று. யார் உள்ளே, யார் வெளியே என்று தீர்மானிப்பதும் அதிகாரமே.

1886இல் கிரபோத்கின் உள்ளிட்டோர் தொடங்கிய 'ஃபிரீடம்' இதழின் பெயரைத் தாங்கிய புத்தகக்கடை இன்றும் ஒயிட்சேப்பல் நெடுஞ்சாலையை ஒட்டிய ஏஞ்சல் சந்தில் இருக்கிறது. சந்துக்கு வெளியே வங்காளிகளும் சோமாலியரும் அலுவலக ஊழியரும் நடந்துபோகிறார்கள். 1906இல் ஜூபிலி தெரு மன்றத்துக்கு ஒரு தையல்காரர் ஆங்கிலம் கற்கப் போனதுபோல், இவர்களில் ஒருவர் தம் அன்றாடத் தேவை ஒன்றுக்காக அந்தச் சந்துக்குள் திரும்பக் காரணம் இருக்கிறதா என்பதே இயக்கம் இன்று தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.